இடது கண், சின்னக் கை, ஐந்து பழைய எஸ்எல்ஆர்கள்

நான் இடது கண்ணால் கேமரா பார்ப்பவள். மூக்குக் கண்ணாடி வேறு. கை சின்னது, வளையல் கடையில் 2.4 கேட்டால் சரியாக இருக்கும். கேமரா விமர்சனத்தில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் பழைய எஸ்எல்ஆர்களை, அதாவது உள்ளே ஒரு கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகவே நம்மைப் பார்க்கவிடும் பிலிம் கேமராக்களைப் பற்றி நான் படித்தவற்றில் முக்கால்வாசி எனக்குப் பயன்படாமல் போனதற்குக் காரணமே இதுதான். ஷட்டர் வேகம் எவ்வளவு, எந்தப் போரில் யார் கழுத்தில் தொங்கியது, எத்தனை லட்சம் விற்றது என்று விரிவாக எழுதுவார்கள். முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும்போது அது எந்தக் கண்ணைக் குத்தும் என்று ஒருவரும் எழுதுவதில்லை.

என் ஓட்டு ஒலிம்பஸ் ஓஎம்-1க்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு போகலாம். மற்றவர்களுக்காக, நான் ரோல் போட்டு ஓட்டிப் பார்த்த மற்ற நான்கு கேமராக்களை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்பதையும், ஓஎம்-1 தரும் தொல்லைகளையும் எழுதுகிறேன். தொல்லை நிறையவே தரும்.

அப்பா வாங்கிவைத்த செனிட்-இ ஒன்று வீட்டில் உண்டு. சோவியத் தயாரிப்பு. அதைப் போட்டியில் சேர்க்கவில்லை. பிலிமுக்கு வெளிச்சம் விடும் ஷட்டர் 30-ல் ஒரு பங்கு வினாடியில் ஆரம்பித்து 500-ல் ஒரு பங்கோடு முடிந்துவிடும், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் மங்கல், கனமும் கேட்க வேண்டாம். அதனோடு வந்த ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸ் மட்டும் தங்கம். இன்றைக்கும் பிள்ளைகள் அந்த லென்ஸை டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் பின்னணி சுழல்கிறது என்று மகிழ்கிறார்கள்.

பென்டாக்ஸ் கே1000-லிருந்து தொடங்கலாம். 1976-ல் வந்து 1997 வரை விற்பனையில் இருந்த கேமரா. இருபது வருடத்துக்கு மேல் கிட்டத்தட்ட எந்த மாற்றமும் இல்லாமல் விற்றார்கள். முதலில் ஜப்பானில் செய்தார்கள், அப்புறம் ஹாங்காங், கடைசியில் சீனா. எதைக் குறைக்க முடியுமோ அதையெல்லாம் குறைத்திருக்கிறார்கள். செல்ஃப் டைமர் கிடையாது. லென்ஸை எந்த அளவில் மூடினால் எவ்வளவு தூரம் தெளிவாக இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்கும் வசதி கிடையாது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு சுவிட்ச்கூடக் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டாக்கினால் அதுதான் அணைப்பது. மூடியைத் தொலைத்தவர்களுக்கு பேட்டரி சீக்கிரம் தீரும். ஆனால் அந்த பேட்டரி ஒரே ஒரு எல்ஆர்44, வாட்ச் கடையில் கிடைப்பது. அதுவும் மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும். பேட்டரி இல்லாவிட்டாலும் 1 வினாடியிலிருந்து 1000-ல் ஒரு பங்கு வரை எல்லா வேகமும் ஓடும்.

என் முன்னாள் மாணவி ஒருத்தி புகைப்படம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்தபோது கே1000-தான் வாங்கச் சொன்னேன். வியூஃபைண்டரின் வலது ஓரத்தில் ஒரு முள் இருக்கும். வெளிச்சம் கூடினால் மேலே போகும், குறைந்தால் கீழே வரும். அதை நடுவில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். லென்ஸ் துளையின் அளவான அப்பர்சரைத் திருப்பினாலும் முள் நகரும், ஷட்டர் வேகத்தைத் திருப்பினாலும் நகரும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன என்பதைப் பத்து நிமிடத்தில் அவள் விரலே புரிந்துகொண்டது. நான் பள்ளியில் வேதியியல் எடுத்தவள். இப்படி ஒரு செய்முறை வகுப்பு எனக்கு அமைந்ததே இல்லை.

அப்படியானால் ஏன் வைத்துக்கொள்ளவில்லை? கனம், முதல் காரணம். பாடி மட்டும் 620 கிராம். இரண்டாவது, அதன் உருவம் என் கைக்குப் பெரிது. ஷட்டர் டயலைத் திருப்ப ஆள்காட்டி விரலை நீட்டினால் பிடி நழுவுகிறது. அவள் கை நீளம், அவளுக்குப் பிரச்சினையே இல்லை.

அடுத்து கேனான் ஏஇ-1. இதுவும் 1976. உள்ளே மைக்ரோபிராசசர் வைத்து வந்த முதல் எஸ்எல்ஆர் இதுதான், ஐம்பது லட்சத்துக்கு மேல் விற்றது. ஷட்டர் வேகத்தை நாம் வைத்தால் அப்பர்சரை அது பார்த்துக்கொள்ளும். என் அக்கா மகன் ஒன்று வைத்திருக்கிறான். "சித்தி, நீங்க ஒரு ரோல் போட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று கையில் திணித்துவிட்டுப் போனான்.

போட்டுப் பார்த்தேன். ஓடியாடும் பிள்ளைகளை எடுக்க நன்றாக இருக்கிறது. 500-ல் ஒரு பங்கு வைத்துவிட்டு மற்றதை மறந்துவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் நாமே செய்ய நினைத்தால் அதற்குப் பிடிக்காது. மீட்டர் ஓர் எண்ணைக் காட்டும், நாம் கண்ணை எடுத்து லென்ஸ் வளையத்தில் அந்த எண்ணை வைக்க வேண்டும், மறுபடி கண்ணை வைக்க வேண்டும். வளையத்தைத் திருப்பினால் முள் அசையாது. இதைக் கைமுறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் அழுத்தவே அழுத்தாது. அதுவும் 6 வோல்ட் பேட்டரி, தெருமுனைக் கடையில் கிடைக்கும் வகை இல்லை. பேட்டரி அறையின் கதவு பிளாஸ்டிக். உடைந்த கதவை ஒட்டுத் தாளால் ஒட்டிய ஏஇ-1களைப் பார்க்காதவர்கள் பழைய கேமராக் கடைக்கே போகாதவர்கள்.

அப்புறம் அந்த இருமல். கேமராவுக்குள் கண்ணாடி எழும்பும் இடத்திலுள்ள சின்னப் பல்சக்கரங்களில் எண்ணெய் காய்ந்துபோனால், அழுத்தும்போது ஷட்டர் சத்தத்தோடு ஒரு கீச்சொலி சேர்ந்து வரும். உலகம் முழுக்க இதற்குக் கேனான் இருமல் என்றே பெயர். தெரிந்தவர் ஊசியால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போய்விடும். தெரியாதவர் விட்டால் எண்ணெய் பரவி வேறு எங்காவது ஒட்டிக்கொள்ளும். அக்கா மகனின் கேமரா இருமுகிறது. "அது அதோட குரல் சித்தி" என்கிறான். இருக்கட்டும். இணையத்தில் அழகாகத் தெரிகிறது என்பதற்காகவே இதன் விலை ஏறிவிட்டது. அதே காசுக்கு இதைவிட உறுதியான கேமரா கிடைக்கும்.

நிக்கான் எஃப்எம்2. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. நான் காசு கொடுத்து வாங்கி, சில காலம் வைத்திருந்து, விற்றுவிட்ட கேமரா இது. கேமராவில் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் இந்த ஐந்தில் பொறியியல் வேலைப்பாட்டில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

1982-ல் வந்தது. ஷட்டர் 4000-ல் ஒரு பங்கு வினாடி வரை போகும், அதுவும் பேட்டரி இல்லாமல். அந்த வேகத்துக்காக ஷட்டர் தகடுகளை டைட்டானியத்தில் செய்து, எடை குறைய அவற்றில் தேன்கூட்டு வடிவத்தில் குழி அரித்திருந்தார்கள். பின்னால் வந்தவற்றில் அலுமினியத் தகடு. 2001 வரை தயாரித்தார்கள்.

அந்த 4000 விளம்பரத்துக்கு மட்டுமா என்றால், இல்லை. திருச்சி வெயிலில் அதற்கு வேலை உண்டு. பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: நல்ல வெயிலில் அப்பர்சரை 16-ல் வைத்தால், ஷட்டர் வேகம் பிலிமின் வேகத்தைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். 400 பிலிம் என்றால் 500-ல் ஒரு பங்கு. பின்னணி மங்கலாகத் தெரிய வேண்டும் என்று அப்பர்சரைத் திறந்துகொண்டே வந்தால் 11-க்கு 1000, 8-க்கு 2000, 5.6-க்கு 4000. அதாவது மலைக்கோட்டைப் படிக்கட்டில் உச்சி வெயிலில் 400 பிலிமோடு நிற்கும்போது, 1000-த்தோடு முடிந்துவிடும் மற்ற கேமராக்கள் என்னை 11-லேயே நிறுத்திவிடும். எஃப்எம்2 5.6 வரை விடும். ஒருவர் முகத்தை மட்டும் தெளிவாக எடுக்க வேண்டும் என்றால் இது பெரிய வித்தியாசம். பிளாஷ் விஷயத்திலும் அப்படித்தான். கே1000, ஏஇ-1, ஓஎம்-1 மூன்றிலும் பிளாஷ் 60-ல் ஒரு பங்கில்தான் வேலை செய்யும். எஃப்எம்2-வில் முதலில் 200, 1984-லிருந்து 250. பகல் முகூர்த்தத்தில் மணமேடைக்கு வெளியே பிளாஷ் போட வேண்டியவர்களுக்கு அது எவ்வளவு நிம்மதி என்று அந்தக் காலத்துக் கல்யாண போட்டோகிராபர்களைக் கேட்டால் தெரியும்.

மீட்டரும் எனக்குப் பிடித்தது. முள்ளுக்குப் பதில் கூட்டல், சுழி, கழித்தல் என்று மூன்று சிவப்பு விளக்குகள். இருட்டிலும் தெரியும். ஷட்டர் வேகமும் அப்பர்சரும் வியூஃபைண்டருக்குள்ளேயே தெரியும். பேட்டரி இரண்டு எல்ஆர்44, கைச்செலவுக்காசு.

பிறகென்ன என்கிறீர்களா? பிலிமை நகர்த்தும் லீவர். அதைக் கேமரா உடம்பிலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்து நிறுத்தினால்தான் மீட்டர் எரியும், ஷட்டரும் திறக்கும். வலது கண்ணால் பார்ப்பவருக்கு அந்த லீவர் காதுப் பக்கம் காற்றில் நிற்கும். இடது கண்ணால் பார்க்கும் எனக்கு அது நேராக வலது கண் முன்னால் நிற்கிறது. என் கண்ணாடியின் வலது வில்லையில் அது போட்ட கீறல் இப்போதும் இருக்கிறது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன், நெற்றிப் பொட்டில் குத்தியது. வலது கண்ணுக்குப் பழக்கிக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். என் வலது கண்ணின் பவரை வைத்துக்கொண்டு வலது கண்ணுக்குப் பழகுவதைவிடக் கேமராவை மாற்றுவது மலிவு. வாங்கியவர் ஒரு மருத்துவக் கல்லூரிப் பையன். 1984-ல் பாகிஸ்தான் அகதி முகாமில் உலகப் புகழ்பெற்ற அந்தப் பச்சைக்கண் ஆப்கான் சிறுமி படத்தை எடுத்தது இந்த மாடல்தான் என்று அவனே எனக்குச் சொன்னான். விற்கிற நான் சொல்ல வேண்டியதை வாங்குகிறவன் சொன்னதால் பேரம் சுலபமாக முடிந்தது.

எஃப்எம்2 போன பிறகு எதிர்வீட்டு சார் தன் எஃப்3 எச்பி-யைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பத்திரிகையில் புகைப்படக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். 1980-ல் வந்து, இதுவும் 2001 வரை ஓடிய கேமரா. வடிவமைத்தவர் இத்தாலியக் கார் வடிவமைப்பாளர் ஜியுஜியாரோ. பிடியில் ஒரு சிவப்புக் கோடு போட்டார், அந்தக் கோடு நிக்கானை விட்டு இன்றுவரை போகவில்லை. எச்பி என்ற வகை கண்ணாடி போட்டவர்களுக்காகவே செய்தது. கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் நான்கு மூலையும் தெரியும். லென்ஸ் பார்ப்பதில் நூறு சதவீதத்தையும் காட்டும். சுவிட்ச் தனியாக இருப்பதால் லீவரை நீட்டி வைக்கவும் தேவையில்லை. எனக்காகவே செய்ததுபோல் இருந்தது.

பிலிம் நகர்த்தும்போது கைக்குக் கிடைக்கும் வழுவழுப்பு வேறு எந்தக் கேமராவிலும் இல்லை. ஆனால் லென்ஸ் மாட்டாமலே முக்கால் கிலோ. லென்ஸோடு கழுத்தில் போட்டு ஸ்ரீரங்கத்தின் வீதிகளை ஒரு சுற்று வந்தால் அன்று இரவு தைலம் தேவைப்படுகிறது. ஷட்டர் எலக்ட்ரானிக், பேட்டரி போனால் அவசரத்துக்கு 60-ல் ஒரு பங்கு மட்டும் கிடைக்கும். உள்ளே எண் காட்டும் சின்ன எல்சிடி, இருட்டில் அதற்கு விளக்குப் போட ஒரு துளியூண்டு சிவப்புப் பொத்தான். அந்தப் பொத்தானை வைத்தவர் எந்த நகத்தால் அழுத்தச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. விலையும் என் பென்ஷனுக்கு எட்டாது. திருப்பிக் கொடுக்கும்போது சார், "என்னம்மா, மனசு வரலையா?" என்று சிரித்தார். வரவில்லைதான்.

இனி ஓஎம்-1.

இதன் கதை 1972-ல் ஜெர்மனியின் ஃபோட்டோகினா கண்காட்சியில் ஆரம்பிக்கிறது. ஒலிம்பஸின் பொறியாளர் யோஷிஹிசா மைதானி, அப்போதைய எஸ்எல்ஆர்கள் மிகப் பெரிதாகவும் கனமாகவும் சத்தமாகவும் இருக்கின்றன என்று நினைத்து, எல்லாவற்றையும் சுருக்கி இதைச் செய்தார். அதற்கு முன்பே ஒரு பிலிம் சட்டத்தில் இரண்டு படம் எடுக்கும் பென் கேமராவைச் செய்தவர். முதலில் வைத்த பெயர் எம்-1. லைக்காக்காரர்கள் தங்கள் எம் வரிசைக்கு இடிக்கிறது என்று ஆட்சேபித்ததால் 1973-ல் ஓஎம்-1 ஆனது. எடை 510 கிராம். எஃப்எம்2-வைவிட முப்பது கிராம்தான் குறைவு, எடையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் உயரமும் தடிமனும் குறைவு என்பதால் கைக்குள் அடங்குகிறது. என் தோள்பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சின்னதாக்கியதில் அவர் செய்த பெரிய வேலை ஷட்டர் வேகத்தை எங்கே வைத்தார் என்பது. மற்ற கேமராக்களில் அது மேலே, வலது கைப் பக்கம் ஒரு டயல். ஓஎம்-1-ல் அது லென்ஸ் மாட்டும் இடத்தைச் சுற்றி ஒரு வளையம். லென்ஸின் முன் ஓரத்தில் அப்பர்சர் வளையம், நடுவில் ஃபோகஸ், அடியில் ஷட்டர். மூன்றும் இடது கைக்கு. வலது கைக்கு அழுத்துவதும் நகர்த்துவதும் மட்டும்தான். ஷட்டர் டயல் இருக்க வேண்டிய மேல் இடத்தில் பிலிமின் வேகத்தை வைக்கும் டயல் இருக்கிறது. புதிதாக எடுப்பவர்கள் அதைப் பிடித்துத் திருப்பிவிட்டு முழிப்பார்கள். ஒரு வாரம் பழகிவிட்டால் இடது கட்டை விரலும் நடுவிரலும் பார்க்காமலே வேலை செய்யும். சின்னக் கைக்கு இதுதான் வரம். பிடியை விடவே வேண்டாம்.

கண் விஷயம். மீட்டருக்கு இடது பக்கம் தனி சுவிட்ச், லீவர் உடம்போடு ஒட்டியே இருக்கும். ஒரே இழுப்பில் நகர்த்தாமல் குட்டிக்குட்டி இழுப்பாக நகர்த்தினாலும் பிலிம் போகும் என்பதால், முகத்தை எடுக்காமலே வலது கட்டை விரலால் தட்டித் தட்டி அடுத்த படத்துக்கு வந்துவிடுகிறேன். கண்ணாடியில் படுவதில்லை.

வியூஃபைண்டர் பெரிது. 50 மி.மீ. லென்ஸ் மாட்டினால் 0.92 மடங்கு, எஃப்3 எச்பி-யில் 0.75 தான். ஓஎம்-1-க்குள் பார்த்துவிட்டு மற்றதைப் பார்த்தால் ஏதோ தூரத்து ஜன்னலைப் பார்ப்பதுபோல் இருக்கும். கண்ணாடி போட்ட எனக்கு நான்கு மூலையும் ஒரே நேரத்தில் தெரியாது என்பதும் உண்மை. கண்ணை இப்படி அப்படி நகர்த்த வேண்டும். ஆனாலும் எதிரே நிற்பவரின் இமை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று என் கண்ணுக்குத் தெரிவது இதில் மட்டும்தான். மூலையா இமையா என்றால் எனக்கு இமை.

சத்தம் குறைவு என்று எழுதுவார்கள். அது எவ்வளவு குறைவு என்பதை ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் பார்த்தேன். விடிவதற்கு முன்னால் மூட்டை பிரிக்கும் நேரம், மேலே ஒரே ஒரு குண்டு பல்பு, 400 பிலிமில் அப்பர்சர் 2, ஷட்டர் 30-ல் ஒரு பங்கு. அந்த வேகத்தில் எஃப்எம்2-வின் உலோக ஷட்டர் டக்கென்று வெட்டும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இதில் துணி ஷட்டர், கண்ணாடி எழும்பி இறங்கும் அதிர்வை அடக்க உள்ளே காற்றை வைத்து ஒரு தடுப்பு. சம்பங்கி கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நார் கிழிப்பதை எடுத்துவிட்டுக் கேமராவை இறக்கினேன். அவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "எடுக்கலையா டீச்சர்? கை வலிக்குது" என்றார். எடுத்து முடித்து இரண்டு படம் ஆகியிருந்தது. பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது, இதில் நான் டீச்சரைப் பார்க்கவே இல்லையே என்று அவர் மருமகளிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது தொல்லைகள்.

பேட்டரி முதல் தொல்லை. ஓஎம்-1-ஐ 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தார்கள். பாதரசம் நச்சு என்பதால் அந்த பேட்டரி இப்போது எங்கும் தயாரிப்பில் இல்லை. அதே உருவத்தில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், அதுவும் தீரத்தீர வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும், மீட்டர் பொய் சொல்லும். பாதரச பேட்டரி தீரும் கடைசி நாள் வரை வோல்டேஜ் மாறாமல் நிற்கும், அதை நம்பித்தான் மீட்டரின் மின்சுற்றையே போட்டிருந்தார்கள். இதற்கு வழி காது மிஷின் கடையில் இருக்கிறது. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட், கிட்டத்தட்ட அதே நிலையான வோல்டேஜ். குறுக்களவு சின்னது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். குழாய் ரிப்பேருக்கு வாங்கும் ஓ-ரிங் பொருந்தும். மேலே ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்த நொடியிலிருந்து காற்றை இழுத்து வேலை செய்யும் பேட்டரி அது. கேமராவை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் சில வாரங்களில், மிஞ்சினால் இரண்டொரு மாதத்தில் உயிர் போய்விடும். ஓர் அட்டையில் ஆறு வரும். தில்லைநகரில் நான் வாங்கும் கடைக்காரர் ரொம்ப நாளாக என் மாமியாருக்கு என்று நினைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு இப்ப எப்படிக் கேக்குது?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும் என்பதால் மேலே சொன்ன வெயில் கணக்கை வைத்துச் சமாளிக்கலாம்.

இரண்டாவது, பிரிசம். இது கொஞ்சம் தீவிரமானது. வியூஃபைண்டரின் மேலே இருக்கும் பென்டாபிரிசம் என்ற கண்ணாடிக் கட்டியைச் சுற்றி நுரைப் பஞ்சு வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருடத்தில் அந்தப் பஞ்சு தாராக உருகி, பிரிசத்தின் வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும். உள்ளே பார்த்தால் பழுப்புக் கோடு, புள்ளி, சில சமயம் மேகம். படத்தில் விழாது, கண்ணுக்குத்தான் எரிச்சல். பழுதான ஓஎம்-10 கிடைத்தால் அதன் பிரிசத்தை எடுத்து இதில் போடலாம். எனக்கு அப்படித்தான் பாலக்கரைப் பக்கம் ரிப்பேர் செய்யும் பாய் போட்டுக் கொடுத்தார். "பஞ்சை எடுத்துட்டேன் டீச்சர், இனிமே உங்க பேரன் காலத்துக்கும் வராது" என்றார்.

மூன்றாவது, இருட்டில் முள் தெரியாது. வியூஃபைண்டருக்குள் ஷட்டர் வேகமும் இல்லை, அப்பர்சரும் இல்லை, அந்த ஒற்றை முள் மட்டும். விளக்கு எரியும் எஃப்எம்2-விலிருந்து வருபவருக்கு இது பின்னோக்கிப் போவதுதான். மீட்டர் பழைய காட்மியம் சல்ஃபைடு வகை. வெயிலிலிருந்து சட்டென்று மண்டபத்துக்குள் போனால் முள் நிதானமாகத்தான் இறங்கும். பிளாஷ் மாட்டும் ஷூ தனியாகத் திருகி மாட்டுவது, அந்த பிளாஸ்டிக் பெரும்பாலும் வெடித்திருக்கும். நான் பிளாஷ் போடுவதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: கடையில் லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, முதலில் 1 வினாடியில் வைத்து அழுத்திக் காதால் கேளுங்கள். சர்ர்ரென்று சீராக ஓடி முடிய வேண்டும், நடுவில் திக்கினால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. அப்புறம் 1000-ல் வைத்து வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பின்னாலிருந்து அழுத்துங்கள். மின்னல் நேரத்துக்கு முழுச் செவ்வகமும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் துணித்திரை ஒன்று பின்தங்குகிறது, ஒவ்வொரு படத்திலும் ஒரு ஓரம் கறுத்துவிடும். பின்கதவு ஓரத்துப் பஞ்சு விரலில் ஒட்டினால் பயப்பட வேண்டாம், அது எல்லாப் பழைய கேமராவிலும் ஒட்டும், மாற்றச் செலவு குறைவு. லென்ஸை மட்டும் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல்போல் ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் பீரோவுக்குள் தோல் உறையில் வைத்துப் பூட்டிய லென்ஸ்களுக்கெல்லாம் வரும். லேசாக ஓரத்தில் என்றால் விலை குறைத்துக் கேட்கலாம், நடுவில் என்றால் வேண்டாம். "ஒரு தடவைகூட வெளியே எடுக்காத பீஸ்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் இன்னும் நன்றாகப் பாருங்கள்.

பிலிம் செலவையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று இப்போது ஆயிரம் ரூபாய்க்கு முன்பின், 36 படம். ஒரு தடவை அழுத்தினால் ஏறக்குறைய முப்பது ரூபாய், கழுவும் செலவு தனி. 1960-ல் ஊட்டியில் தொடங்கிய அரசாங்கத்தின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தவரை இந்து என்ற பெயரில் நம் ஊர் பிலிமே கிடைத்தது, அப்பா செனிட்டில் போட்டதெல்லாம் அதுதான். இன்று எல்லாம் இறக்குமதி. நான் இல்ஃபோர்ட் எச்பி5 பிலிமை டி-76 கரைசலில் வீட்டிலேயே கழுவுகிறேன். 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்று குறிப்பில் போட்டிருக்கிறது. மே மாதத்தில் திருச்சிக் குழாய்த் தண்ணீரை 20-க்குக் கொண்டுவர பிரிட்ஜில் இருக்கும் ஐஸ் கட்டி மொத்தமும் போகும், வீட்டில் மோர் கேட்டு வருபவர்கள் முணுமுணுப்பார்கள். அந்தக் கரைசலில் இருக்கும் மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் சூட்டில் எவ்வளவு அவசரப்படும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்.

அந்த மாணவி கே1000-ல் நன்றாகத் தேறிவிட்டாள். போன வாரம் வந்து என் ஓஎம்-1-ஐக் கையில் எடுத்து, ஷட்டர் டயலைத் தேடி, பிலிம் வேக டயலைத் திருப்பிவிட்டு, "மேடம், இது ஓடலையே" என்றாள். வலது கண்ணுக்காரி, நீளக் கை. அவளுக்கு நான் எஃப்எம்2-தான் சொல்வேன், கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு.

எனக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒலிம்பஸின் சுய்கோ லென்ஸ், 28 மி.மீ. எஃப் 3.5. என்னிடம் இருக்கும் 50-ஐப் போலவே அதற்கும் 49 மி.மீ. பில்டர்தான், மஞ்சள் பில்டரை மாற்றி மாட்டிக்கொள்ளலாம். திருச்சியிலும் மதுரையிலும் பார்த்த மூன்றிலும் நடுவிலேயே நூல் ஓடியிருந்தது. சுத்தமான ஒன்று யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.